பாக்ராம் முதல் வயநாடு வரை: மலைநாடுகளில் அந்நியப் படைகள் ஏன் நிலைப்பதில்லை?

ஆனைகட்டி: ஆப்கானிஸ்தானின் பாக்ராம் விமானத் தளம் மீண்டும் தங்களுக்கு வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 செப்டம்பரில் வெளிப்படையாகக் கேட்டார். தாலிபான் அரசு அதை உடனடியாக நிராகரித்தது. இந்தச் செய்தி வெளியான நாள்களில் பெரிதும் பேசப்பட்டது சீனாவுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான தூரம். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பாக்ராம் ஒரு சமவெளியில் இருக்கிறது. அமெரிக்கப் படைகள் அங்கே 20 ஆண்டுகள் இருந்தன. அவர்களுக்கு முன் சோவியத் படைகளும் அதே ஓடுபாதையைப் பயன்படுத்தின. இருவருமே தளத்தைப் போரில் இழக்கவில்லை. தளத்தைச் சுற்றியிருந்த மலைகளை அவர்கள் ஒருபோதும் முழுமையாகப் பெறவில்லை என்பதே விஷயம்.

மலைநாட்டின் தலைநகரைப் பிடிப்பதற்கும் மலைநாட்டைப் பிடிப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள இந்து குஷ் வரை செல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக ஏறி, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் ஆனைகட்டியில் நின்றாலே போதும். அங்கிருந்து மேற்கே அட்டப்பாடி மலைகள்; தெற்கே, மலைத்தொடர் திடீரென அறுந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய். வடமேற்கே நீலகிரியைத் தாண்டினால் வயநாடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியாவின் இரு பெரும் படைகள், மைசூர்ப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும், இந்த நிலப்பரப்பில்தான் தங்கள் எல்லைகளைக் கண்டுகொண்டன.

கணவாய் யாருக்கும் திறக்கும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி. பீரங்கி வண்டியும் மாட்டு வண்டியும் தடையின்றிச் செல்லும் பாதை. ஹைதர் அலி 1766இல் மலபாரில் நுழைந்த கையோடு இங்கே கோட்டை அமைத்ததற்குக் காரணம் அதுவே. ஆனால் அந்தக் கோட்டை எத்தனை முறை கைமாறியது என்பதைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கம்பெனிப் படை அதை 1768இல் பிடித்து இழந்தது. 1783இல் கர்னல் புல்லர்டன் பிடித்தார், மறு ஆண்டு உடன்படிக்கைப்படி அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் மீண்டும் பிடித்தார். கணவாய் யார் வலுவாக வந்தாலும் அவர்களுக்குத் திறந்தது. இருபுறமும் இருந்த மலைகளுக்குள் இந்தப் படைகள் எதுவும் போகவில்லை. போக வேண்டிய தேவையும் அவற்றுக்கு இருக்கவில்லை.

மலபாரைப் பிடித்த ஹைதர் கோயம்புத்தூர் திரும்பிய சில வாரங்களிலேயே நாயர்கள் கிளர்ந்தெழுந்தனர். கொட்டும் பருவமழையில் அவர் மீண்டும் கணவாய் வழியே திரும்ப வேண்டியிருந்தது. அதன்பின் கால் நூற்றாண்டு மைசூர் ஆட்சியில் இதே காட்சி பலமுறை அரங்கேறியது. படை வரும்போது மக்கள் காட்டுக்குள் ஏறுவதும், படை போனதும் இறங்குவதும் வழக்கமாயிற்று.

பேரியாவில் நடந்தது

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் மலபாரைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி பெற்றது வரைபடத்தில் ஒரு நிறம் மட்டுமே என்பது ஐந்தே ஆண்டுகளில் தெரிந்தது. கோட்டயம் அரச குடும்பத்தைச் சேர்ந்த கேரள வர்ம பழசி ராஜாவுடன் நிலவரி வசூல் உரிமை தொடர்பாக 1793இல் பிணக்கு தொடங்கியது. (இது வட மலபாரில் தலச்சேரியை ஒட்டிய கோட்டயம், இன்று தமிழர்கள் அறிந்த தென் கேரளத்துக் கோட்டயம் அன்று.) ராஜா வயநாட்டு மலைகளுக்கு ஏறினார்.

1797 மார்ச்சில், வயநாட்டிலிருந்து கடலோரத்துக்கு இறங்கும் பேரியா கணவாயில் மேஜர் கேமரன் தலைமையிலான சுமார் 1,100 பேர் கொண்ட கம்பெனிப் படை மறைந்திருந்து தாக்கப்பட்டது. கேமரனும் வேறு அதிகாரிகளும் கொல்லப்பட்டனர். படை சிதறியது. பம்பாய் ஆளுநர் ஜொனாதன் டங்கன் நேரில் மலபாருக்கு வந்து, ஆண்டுக்கு 8,000 ரூபாய் உதவித்தொகை தர ஒப்புக்கொண்டு சமாதானம் செய்தார். ஐரோப்பியப் பயிற்சி பெற்ற படையை வைத்திருந்த ஒரு கம்பெனி, காட்டில் வாழ்ந்த ஓர் அரசருக்குப் பணம் கொடுத்து அமைதி வாங்கியது என்பதை அன்றைய இங்கிலாந்துப் பத்திரிகைகளின் தொனியில் அல்ல, கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டும்.

படையின் அகலம் முக்கியமானது. சமவெளியில் 1,000 பேர் அணிவகுத்தால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் வெடிக்கும். ஒற்றையடிப் பாதையில் அதே 1,000 பேர் ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசையில் செல்கிறார்கள். தாக்கப்படும் இடத்தில் உண்மையில் சண்டையிட முடிந்தவர்கள் பத்து அல்லது இருபது பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. அரிசியும் வெடிமருந்தும் சுமந்த மாடுகளும் சுமைக்காரர்களும் நடுவில் இருப்பார்கள். முதல் வேட்டிலேயே அவர்கள் ஓடிவிட்டால் படைக்கு மறுநாள் உணவில்லை. குறிச்சியர்களின் வில்லும் அம்பும் ஓசையின்றி இயங்கின. புகையும் எழாததால் அம்பு எந்த மரத்திலிருந்து வந்தது என்று கண்டறியக்கூட முடியாது.

அடுத்தது நாள்காட்டி. வயநாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் பாதைகள் ஓடைகளாகிவிடும். மழை விட்டதும் காய்ச்சல் வரும். எனவே படைக்குக் கிடைப்பது ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே. எதிரிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பது 1897வரை கண்டறியப்படாத நிலையில், அன்றைய படை மருத்துவர்கள் கெட்ட காற்றையே குறை கூறிக்கொண்டிருந்தனர்.

இந்தப் படைகளில் இறந்தவர்கள் பெரும்பாலும் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. வயநாட்டில் பம்பாய்ச் சிப்பாய்களும் சென்னைச் சிப்பாய்களும். பிற்காலத்தில் காபூலில் வங்காளச் சிப்பாய்கள். வயநாட்டுப் பாதையை அறியாத மராட்டியச் சிப்பாயும் அங்கே அந்நியனே. மலைநாட்டில் அந்நியத்தன்மை தோல் நிறத்தைக் கொண்டு அளக்கப்படுவதில்லை.

வெல்லெஸ்லியின் சாலை, மெக்லியோடின் வரி

1799இல் திப்பு வீழ்ந்ததும் வயநாடு யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. போர் மீண்டும் மூண்டது. மலபாரின் படைப் பொறுப்பு 1800இல் ஆர்தர் வெல்லெஸ்லியிடம் வந்தது. பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவரே. ராஜாவைத் துரத்துவதை அவர் முதன்மையாகக் கருதவில்லை. சாலை போடுதல், சாலையின் இருமருங்கிலும் காட்டை வெட்டி அகலப்படுத்துதல், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு காவல் நிலை, கடற்கரையிலிருந்து மலைக்குச் செல்லும் உப்பையும் அரிசியையும் தடுத்தல் ஆகியவையே அவரது திட்டம். மலையில் நெல் விளையும், உப்பு விளையாது. 1801 கோடைக்குள் கர்னல் ஸ்டீவன்சனின் படை வயநாட்டின் முக்கிய இடங்கள் அனைத்தையும் பிடித்துவிட்டது. ராஜா சில ஆதரவாளர்களுடன் அலைந்து திரிந்தார். போர் முடிந்ததாகவே கருதப்பட்டது.

முடியவில்லை. 1802 அக்டோபரில் எடச்சன குங்கனும் குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவும் பனமரம் காவல் நிலையைத் தாக்கிப் பிடித்தனர். கேப்டன் டிக்கின்சன், லெப்டினன்ட் மேக்ஸ்வெல் உள்ளிட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்து, மலபாரின் கலெக்டராக இருந்த மேஜர் மெக்லியோட் நிலவரியைத் திருத்தி உயர்த்தினார்; நாணய மாற்று விகிதத்திலும் கை வைத்தார். ஏற்கெனவே ஆயுதங்களைப் பறிகொடுத்துக் கொதித்திருந்த மக்கள், மலையில் மட்டுமன்றிச் சமவெளியிலும் எழுந்தனர். 1803இல் மெக்லியோட் பதவி விலக, புதிய வரி கைவிடப்பட்டது. படைத்தளபதி இரண்டு ஆண்டில் சம்பாதித்ததை வரி அதிகாரி சில மாதங்களில் தொலைத்தார் என்று சொல்வது மிகையாகாது. மலைநாட்டை இழப்பதற்குப் போர்த் தோல்வி கட்டாயம் இல்லை.

பிறகு பழசி ராஜா எப்படித்தான் வீழ்ந்தார்? கேப்டன் வாட்சன் திரட்டிய 1,200 கோல்க்காரர்கள் என்ற உள்ளூர்க் காவல் படை இதற்கான விடையின் ஒரு பகுதி. மலபாரிலேயே பிறந்து வளர்ந்த இவர்கள், சிப்பாய்கள் தடுமாறிய இடத்தில் இயல்பாக நடந்தனர். 1804இல் ராஜாவின் தலைக்கு 3,000 பகோடா விலை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு தலச்சேரிக்கு வந்த துணைக் கலெக்டர் தாமஸ் ஹார்வி பேபர், துப்பாக்கியைவிடத் துப்பு முக்கியம் என்று உணர்ந்தவர். வயநாட்டு மக்களில் ராஜாவுடன் முழுமையாக ஒட்டாத பிரிவினரைத் தேடி, அவர்களிடம் தகவல் பெற்றார். 1805 நவம்பரில் தலக்கல் சந்து பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். நவம்பர் 30ஆம் தேதி புல்பள்ளி அருகே மாவிலாத் தோட்டில் ராஜா சுற்றிவளைக்கப்பட்டு உயிரிழந்தார். சுடப்பட்டு இறந்ததாக ஆங்கிலேயர் பதிவுகளும், பிடிபடாமல் வைரத்தை விழுங்கியதாக மக்கள் வழக்கும் கூறுகின்றன. அவரது நினைவிடம் மானந்தவாடியில் உள்ளது.

இன்னொரு காரணம் வரைபடத்தில் இருக்கிறது. 1797இல் ராஜாவுக்குப் பின்னால் மைசூர் இருந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் திப்புவை எதிர்த்துப் போரிட்டவர், தேவை வந்தபோது அதே திப்புவின் தரப்பிடம் வெடிமருந்தும் ஆதரவும் நாடினார். 1799க்குப் பின் அந்தப் பின்வாசல் அடைபட்டது. கிழக்கே கொங்கு நாட்டிலும் திண்டுக்கல்லிலும் கம்பெனியை எதிர்த்தவர்களுடன் அவர் கொண்டிருந்த தொடர்பை வரலாற்றாசிரியர் கே.ராஜய்யன் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் 1800 ஜூனில் கோயம்புத்தூரைத் தாக்கும் முயற்சி தோற்றது. 1801 இறுதிக்குள் மருது சகோதரர்களும் வீழ்ந்தனர். நான்கு புறமும் கம்பெனியின் நிலம் சூழ்ந்தபின், மலை கோட்டையாக இல்லாமல் கூண்டாக மாறியது.

கண்டி: இருநூறு ஆண்டுக் கணக்கு

இலங்கையின் கண்டி இராச்சியம் இதே பாடத்தை மேலும் நீண்ட கால அளவில் காட்டுகிறது. கடலோரம் முழுவதையும் ஐரோப்பியர் வைத்திருந்தனர். நடுவிலிருந்த மலை மட்டும் வசப்படவில்லை. போர்த்துகீசியத் தளபதி பெட்ரோ லோபஸ் டி சோசா 1594இல் படையோடு அழிந்தார். 1630இல் கான்ஸ்டன்டினோ டி சா, 1638இல் டியோகோ டி மெலோ ஆகியோருக்கும் அதே கதி. டச்சுக்காரர்கள் 1765இல் கண்டி நகரைப் பிடித்தனர். சில மாதங்களில் நோயும் பட்டினியும் வாட்ட வெளியேறினர்.

பிரித்தானியர் இதையெல்லாம் அறிந்தே 1803 பிப்ரவரியில் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் சுமார் 3,000 பேருடன் கண்டிக்கு ஏறினர். நகரம் காலியாக இருந்தது, அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. முத்துசாமி என்ற அரச குடும்பத்தவரை அரியணையில் அமர்த்திவிட்டு, மேஜர் டேவி தலைமையில் ஒரு காவல் படையை விட்டுச் சென்றனர். முத்துசாமியை ஏற்க ஒருவரும் வரவில்லை. மழை தொடங்கியது. ஜூன் மாதம் கண்டிப் படை தாக்கியபோது, துப்பாக்கி தூக்கும் நிலையிலிருந்த வீரர்கள் மிகச் சிலரே. சரணடைந்து வெளியேறிய டேவியின் படை, பெருக்கெடுத்த மகாவலி ஆற்றைக் கடக்க வழியின்றிக் கரையிலேயே நின்றது. முத்துசாமியை ஒப்படைத்தும் பயனில்லை. கிட்டத்தட்ட அனைவரும் கொல்லப்பட்டனர். டேவி கைதியாகவே இறந்தார். காபூலில் 2021இல் கைவிடப்பட்ட அரசைப் பற்றிப் பேசுவோர், கண்டியில் 1803இல் கைவிடப்பட்ட முத்துசாமியையும் நினைவில் கொள்ளலாம். வெளியிலிருந்து அமர்த்தப்படும் ஆட்சியாளரின் ஆயுள், அமர்த்திய படையின் ஆயுளைவிட நீள்வது அரிது.

1815இல் கண்டி வீழ்ந்தது போரினால் அன்று. எஹலபொல உள்ளிட்ட பிரபுக்கள் மன்னருக்கு எதிராகத் திரும்பினர்; ஜான் டோய்லி என்ற அதிகாரி பல ஆண்டுகளாகச் சிங்களத்தில் கடிதம் எழுதி அந்தப் பிளவை வளர்த்திருந்தார். மார்ச் 2ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. மதுரை நாயக்கர் மரபுவழி வந்த கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு அமைந்த முத்து மண்டபம் இன்றும் உள்ளது.

இரண்டரை ஆண்டுகளில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அப்போது பிரித்தானியர் கையாண்ட முறையை மறைக்கத் தேவையில்லை: வயல்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன, ஊர்கள் தீக்கிரையாயின. இந்தியாவிலிருந்து சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டனர். பிரித்தானியத் தரப்பில் சுமார் 1,000 பேர் இறந்தனர், பெரும்பாலோர் நோயினால். கண்டி மக்களில் 10,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அப்போது அங்கிருந்த மருத்துவர் ஜான் டேவி மதிப்பிட்டார். அதன் பின்னரே ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் கடுகண்ணாவை வழியே கொழும்பு-கண்டிச் சாலை வெட்டப்பட்டது. மலையைத் துளைப்பவனே கண்டியை ஆள்வான் என்ற பழைய நம்பிக்கையைப் பொய்யாக்க விரும்பாதவர்கள்போல், பொறியாளர்கள் அந்தச் சாலையில் ஒரு பாறையைக் குடைந்தே வழி அமைத்தனர்.

பின்வாசல் மூடாத நாடு

வயநாட்டிலும் கண்டியிலும் முடிந்தது ஆப்கானிஸ்தானில் ஏன் முடியவில்லை என்பதற்கு மலையின் உயரத்தைக் காரணம் காட்டினால் போதாது. கண்டியைச் சுற்றிக் கடல். அதில் பிரித்தானியக் கப்பல்கள். பழசி ராஜாவைச் சுற்றிக் கம்பெனியின் மாவட்டங்கள். ஆப்கானிஸ்தானுக்கு அப்படிப்பட்ட சூழ்நிலை ஒருபோதும் வாய்க்கவில்லை.

1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய சுமார் 4,500 வீரர்களும் அவர்களைச் சார்ந்த சுமார் 12,000 பேரும் பனி மூடிய கணவாய்களில் அழிந்தனர். மருத்துவர் பிரைடன் ஒருவரே தப்பினார் என்று பள்ளிப் பாடங்கள் சொல்வது முழு உண்மை இல்லை. பிணைக் கைதிகளாக இருந்தோரும் சில சிப்பாய்களும் பின்னர் மீண்டனர். சோவியத் படை 1979 டிசம்பரில் நுழைந்து 1989 பிப்ரவரி 15இல் வெளியேறியது. சுமார் 15,000 வீரர்களை இழந்தது. சோவியத் பொறியாளர்கள் கட்டி 1964இல் திறக்கப்பட்ட சாலங் சுரங்கப்பாதை வழியேதான் அவர்களது எண்ணெய் லாரிகள் தெற்கே வர வேண்டியிருந்தது. அருகிலிருந்த பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கிலிருந்து அகமது ஷா மசூத் அந்த ஒற்றைச் சாலையைத் தொடர்ந்து தாக்கினார். பள்ளத்தாக்கில் சோவியத் படை மீண்டும் மீண்டும் நுழைந்தது. மசூத் மலைக்கு ஏறினார். படை இறங்கியதும் திரும்பினார். ஹைதர் அலியின் தளபதிகள் இதை எளிதில் புரிந்துகொண்டிருப்பார்கள்.

போராளிகளுக்கு ஆயுதமும் ஓய்வும் சிகிச்சையும் பாகிஸ்தானில் கிடைத்தன. அமெரிக்காவின் காலத்தில் நிலைமை மேலும் விசித்திரமானது. தாலிபான் தலைவர்கள் தங்கியிருந்த அதே பாகிஸ்தான் வழியாகவே அமெரிக்கப் படையின் சரக்கும் வந்தது. 2011 நவம்பரில் சலாலா சோதனைச் சாவடி மீதான வான் தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்ததும், அந்நாடு கைபர், சமன் பாதைகளை ஏழு மாதங்கள் மூடியது. வடக்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றிவரும் பாதைக்குச் செலவு பன்மடங்கு. எதிரியின் பின்வாசலும் தன் முன்வாசலும் ஒரே வீட்டில் இருக்கும்போது 2,400க்கும் மேற்பட்ட வீரர்களின் உயிரும் 20 ஆண்டுகளும் எதை வாங்கும்? 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் ஒரே நாளில் கைமாறியது.

ஹெலிகாப்டர் இந்தக் கணக்கை மாற்றவில்லையா என்ற கேள்வி நியாயமானது. ஓரளவு மாற்றியது. வீரர்களை மலை உச்சியில் இறக்க முடிந்தது. காயமுற்றோரைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் இறங்கியவர்கள் மாலையில் திரும்பிவிட்டார்கள். இரவில் கிராமத்துக் கதவைத் தட்டியவர் வேறு ஒருவர்.

சொந்த அரசுக்கும் மலை கடினமே

அந்நியப் படைக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று கருத வேண்டாம். தமிழகமும் கர்நாடகமும் சிறப்பு அதிரடிப் படைகளை அமைத்து ஆண்டுக்கணக்கில் தேடிய வீரப்பன், காட்டுக்குள் பிடிபடவில்லை. கண் சிகிச்சைக்காக வெளியே வரவழைக்கப்பட்டு, 2004 அக்டோபர் 18ஆம் தேதி தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சமவெளிச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேடுதல் என்ற பெயரில் மலைக்கிராமத்தினர் மீது நிகழ்ந்த வன்முறை, தகவல் தரக்கூடியவர்களையே அரசிடமிருந்து விலக்கியது. அட்டப்பாடியின் மஞ்சிக்கண்டி வனப்பகுதியில் 2019 அக்டோபர் இறுதியில் நால்வர் கேரளக் காவல்துறையின் தண்டர்போல்ட் பிரிவால் சுட்டுக் கொல்லப்பட்டனர். எனினும் மூன்று மாநிலச் சந்திப்பில் மாவோயிஸ்டுகள் தேய்ந்ததற்குத் துப்பாக்கிச் சூடுகள் மட்டுமே காரணம் என்று கூற இயலாது. மலைவாழ் மக்களிடம் அவர்களுக்கு வேர் பிடிக்கவில்லை. கர்நாடகத்தில் ஆறு பேர் 2025 ஜனவரியில் பெங்களூருவில் அரசிடம் சரணடைந்தனர்.

சாலைக்குப் பின் வந்தவர்கள்

படைகளால் வைத்திருக்க முடியாத மலைகளை இறுதியில் வைத்திருந்தது எது என்பதே, இந்த வரலாற்றில் தமிழர்களை நேரடியாகத் தொடும் பகுதி. கண்டிச் சாலை படைக்காக வெட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. அவற்றுக்கு வேலையாட்கள் சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் அமைந்தன. ஒரு மலையைப் பணியவைக்கப் போட்ட சாலையின் கடைசி வளைவு, பழசி ராஜாவின் வயநாட்டுக்கு அடுத்த மலையில் வந்து முடிந்திருக்கிறது.

வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் நடந்தது அதன் மறுபக்கம். பழசி ராஜாவுக்காக அம்பு எய்த குறிச்சியர்கள் 1812இல் மீண்டும் ஒருமுறை எழுந்து அடக்கப்பட்டனர். அதன்பின் வந்தவை தோட்டங்களும் மர ஏலங்களும் குடியேற்றங்களுமே. ஆனைகட்டிக்கு மேற்கே, இருளர், முதுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடியில் 1951 கணக்கெடுப்பின்போது பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. பறிபோன நிலத்தை அவர்களுக்கு மீட்டுத் தர 1975இல் கேரள சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டம் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 1999இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நில உரிமை தொடர்பான மனுக்களுடன் அகளியின் அலுவலகங்களுக்கு ஊர் மக்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார்கள்.